மீதியை வெள்ளித்திரையில் காண்க

திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் விற்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தலைப்பு நினைவிருக்கும். கொட்டகை வாசலில் சில காசுகளுக்குக் கிடைத்த அந்த மெல்லிய புத்தகத்தில், பாடல்களுக்கு முன்பாகக் ‘கதைச் சுருக்கம்’ என்றொரு பகுதி இருக்கும். நாயகன் யார், நாயகி யார், அவர்களுக்கு நேர்ந்த இடையூறு என்ன என்பதெல்லாம் அதில் சொல்லப்பட்டிருக்கும். சிக்கல் முற்றும் இடத்தில் கதை நின்றுவிடும். ‘காதலர்கள் ஒன்று சேர்ந்தார்களா? கொலையாளி பிடிபட்டானா?’ என்ற வகையில் இரண்டு மூன்று கேள்விகள் வரும். அவற்றுக்குக் கீழே ஒரு வரி: ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க.’

எங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்தவர் என் அத்தை. 1970களில் எங்கள் ஊருக்கு அருகிலிருந்த டூரிங் டாக்கீஸுக்கு அண்டை வீட்டுப் பெண்களோடு சென்று வருவார். மறுநாள் மாலை திண்ணையில் எங்களை உட்காரவைத்து, பார்த்த படத்தைச் சொல்வார். ‘கர்ணன்’ படத்தை முழுவதுமாகச் சொன்னார். கவசகுண்டலத்தை இந்திரனுக்குக் கொடுத்தது முதல் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தது, குந்தி ஓடிவந்து அழுதது வரை ஒன்றும் விடவில்லை. சொல்லும்போதே அவரும் அழுதார். ஆனால், ‘புதிய பறவை’ படத்தைச் சொல்லத் தொடங்கியபோது பாதிக்குமேல் கொஞ்சம் சென்றதும் நிறுத்திவிட்டார். “அப்புறம் என்ன ஆச்சு அத்தை?” என்று எத்தனை முறை கெஞ்சியும் பலனில்லை. “போடா, அதை நீயே கொட்டகையில போய்ப் பாரு” என்று சொல்லி எழுந்துவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் படம் மறுபடியும் கொட்டகைக்கு வந்தபோதுதான் மீதியை அறிந்தேன். மணல் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்த இரவு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

பள்ளிக்கூடம் அதிகம் செல்லாத என் அத்தை, எந்தக் கதையை முழுவதுமாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று எப்படி வேறுபடுத்தினார்? படத்தின் முடிவை முன்கூட்டியே சொல்வது ரசனையைக் கெடுக்கிறதா, வளர்க்கிறதா என்ற இன்றைய விவாதத்துக்கு விடை தேடும்போதெல்லாம் இந்தக் கேள்விக்கே நான் திரும்பி வருகிறேன்.

கைக்கு வரும் கதை

இன்று அத்தையின் இடத்தில் செல்பேசி இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் முதல் காட்சி முடிவதற்குள், திரையரங்கின் இருட்டில் பிடித்த காட்சித் துணுக்குகள் வாட்ஸ்அப் நிலைத்தகவலாகவும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸாகவும் வந்துவிடுகின்றன. யார் இறக்கிறார், எந்த நட்சத்திரம் இறுதியில் திடீரென்று தோன்றுகிறார், கொலையாளி யார் என்பதெல்லாம் கேட்காமலேயே நம் கைக்கு வருகின்றன. இதை ‘ஸ்பாய்லர்’ என்கிறார்கள். இதன் இன்னொரு வடிவம் ‘லீக்’. படப்பிடிப்புத் தளத்திலிருந்தோ, தொகுப்பறையிலிருந்தோ, தணிக்கைக்குச் சென்ற பிரதியிலிருந்தோ காட்சிகள், சில வேளைகளில் முழுப் படமும், வெளியீட்டுக்கு முன்பே கசிந்துவிடுவது. இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றல்ல.

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு வார இறுதியில்தான் வேலை மிகுதி. அவர் படம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை இரவில். கடந்த ஆண்டு, மனைவி மக்களோடு ஒரு மர்மப் படத்துக்குச் செல்லக் காத்திருந்தார். அதற்குள் தெரிந்தவர் ஒருவரின் நிலைத்தகவலில் படத்தின் இறுதிக் காட்சி வந்துவிட்டது. படம் பார்த்து வந்த மறுநாள் அவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். “அந்தக் காட்சி எப்ப வரும்னே பார்த்துக்கிட்டு இருந்தேன் சார். மத்தது எதுவும் மனசுல நிக்கல” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் குடும்பம் செலவழித்த தொகை சிறியதன்று. படம் அவர்களுக்குக் கிடைத்தது. அதைக் காணும் முதல் அனுபவத்தை எவரோ ஒருவர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்.

தெரிந்த கதையின் சுவை

முடிவு தெரிந்துவிட்டால் கதையின் சுவை போய்விடும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொன்னால் நம் மரபே அதை மறுக்கும். சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். கோவலன் கொலையுண்டதும், கண்ணகியின் சீற்றத்தில் மதுரை எரிந்ததும் காப்பியம் தொடங்குவதற்கு முன்பே அங்கே சொல்லப்பட்டுவிடுகின்றன. நூல் உணர்த்தவரும் மூன்று உண்மைகளும்கூட அங்கேயே வந்துவிடுகின்றன. பதிகம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று கருதுவோர் உண்டு. அப்படியே இருந்தாலும், முழுக் கதையையும் வாசலிலேயே சொல்லிவிடுவதை நம் முன்னோர் குறையாகக் கருதவில்லை என்பது புலனாகிறது. முடிவை அறிந்த வாசகருக்குப் புகார்க் காண்டத்தின் மகிழ்ச்சியே துயரமாகத் தோன்றுகிறது. கோவலன் சிலம்போடு மதுரைக் கடைத்தெருவில் நடக்கும்போது, அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நெஞ்சு பதைக்கிறது.

வட தமிழக மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் நடக்கும் தெருக்கூத்தும் இவ்வாறுதான். துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பதை அறியாத ஒருவர்கூட அந்தத் திடலில் இருக்க மாட்டார். படுகளத்துக்கென்றே அவனது மண்ணுருவம் செய்யப்பட்டிருக்கும். இருந்தும், விடிய விடிய மக்கள் கண் விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கர்ணன் களம் காணப் புறப்படும் இரவில் பெண்கள் விசும்புவதை நான் கேட்டிருக்கிறேன்.

திரைப்படத்திலும் இதற்குச் சான்றுகள் உள்ளன. ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனங்களை வானொலி ஒலிச்சித்திரங்களிலும் ஒலிநாடாக்களிலும் கேட்டு மனப்பாடம் செய்த தலைமுறை, அந்தப் படங்களைத் திரையரங்கில் திரும்பத் திரும்பப் பார்த்தது. 2004இல் வந்த ‘கில்லி’ 20 ஆண்டுகள் கழித்து 2024 ஏப்ரலில் மறுபடியும் வெளியானபோது, அடுத்து வரும் வசனத்தை நடிகருக்கு முன்பே சொல்லத் தெரிந்தவர்கள்தாம் அரங்குகளை நிரப்பினார்கள். 1950களில் ‘கல்கி’ இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ கதையை அறிந்த பல்லாயிரம் வாசகர்கள், 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரு பாகங்களையும் காணச் சென்றார்கள். என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நந்தினி எப்படி நடப்பாள், வந்தியத்தேவன் எப்படிச் சிரிப்பான், கடம்பூர் மாளிகை எப்படி இருக்கும் என்பதைக் காணவே சென்றார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கியே தெளிவாகச் சொல்லாமல் விட்டதும் இங்கே நினைக்கத் தக்கது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2011இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் ஜோனதன் லெவிட், நிக்கலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. செகாவ், அகதா கிறிஸ்டி, ரோல்ட் தால், ஜான் அப்டைக் முதலானோர் எழுதிய 12 சிறுகதைகளை மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிலருக்குக் கதை மட்டும். சிலருக்கு முடிவைச் சொல்லிவிடும் முன்குறிப்போடு கதை. முடிவை முன்னரே அறிந்தவர்கள் சராசரியாகக் கதையை அதிகமாக ரசித்ததாக மதிப்பிட்டார்கள். முடிவு தெரிந்த மனம், கதையின் போக்கை எளிதாகப் பின்தொடர்ந்து நுட்பங்களைக் கவனிக்கிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று.

‘ஸ்பாய்லரால் ஒன்றும் கெட்டுவிடாது’ என்று சொல்வோருக்கு இந்த ஆய்வு பெரும் துணையாயிற்று. ஆனால், 2015இல் பெஞ்சமின் ஜான்சன், ஜூடித் ரோசன்பாம் ஆகிய ஆய்வாளர்கள் இதே கேள்வியை வேறு அளவைகளோடு ஆராய்ந்தபோது, முடிவு சொல்லப்பட்ட கதைகள் குறைவான மகிழ்ச்சியையும் குறைவான நெகிழ்ச்சியையுமே தந்தன. வாசகரின் இயல்பைப் பொறுத்தும் விளைவு மாறுபடுவதாக அவர்களது அடுத்த ஆய்வு காட்டியது.

இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வில் கலந்துகொண்டவர்கள், தாம் தேர்ந்தெடுக்காத கதையை, யாரோ கொடுத்ததால் படித்தவர்கள். அவர்கள் அந்தக் கதைக்காக ஓராண்டு காத்திருக்கவில்லை. முன்னோட்டத்தைப் பார்த்து நண்பர்களோடு விவாதிக்கவில்லை. விடுப்பு எடுக்கவில்லை. சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கவில்லை. ஒரு திரைப்படத்தைப் பொறுத்தவரை, காத்திருத்தலும் ரசனையின் ஒரு பகுதி. ஆய்வுக்கூடத்தில் அதை அளக்க இயலாது. எங்கள் தெருத் தையற்காரரின் ஏமாற்றத்தையும் அளக்க இயலாது.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு

இந்தச் சிக்கலை ஆய்வாளர்களுக்கு முன்பே ஓர் இயக்குநர் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடனான புகழ்பெற்ற உரையாடலில் ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறார். இருவர் பேசிக்கொண்டிருக்கும் மேசைக்கு அடியில் திடீரென்று குண்டு வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்னரே காட்டிவிட்டால், அவர்கள் பேசும் சாதாரணப் பேச்சே 15 நிமிடப் பதற்றமாகிவிடும். ஆகவே, கூடுமானவரை பார்வையாளருக்குச் செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அதே மூச்சில் அவர் ஒரு விதிவிலக்கையும் வைத்தார்: எதிர்பாராத திருப்பமே கதையின் உயிராக இருக்கும்போது சொல்லக் கூடாது.

அந்த விதிவிலக்கை அவரே கடைப்பிடித்தார். 1960இல் ‘சைக்கோ’ வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு எவரையும் உள்ளே விடக் கூடாது என்று திரையரங்குகளைக் கட்டாயப்படுத்தினார். முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளரைக் கேட்டுக்கொண்டார். லண்டனில் 1952இல் தொடங்கி, கோவிட் காலத்தில் மட்டும் தடைபட்டு நடந்துவரும் அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ நாடகத்தின் இறுதியில், கொலையாளி யார் என்பதை நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளும்படி நடிகர் ஒருவர் அவையோரைக் கேட்பது இன்றும் வழக்கம். 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வருமுன் அதன் இயக்குநர்களான ரூஸோ சகோதரர்கள் ரசிகர்களுக்குத் திறந்த மடலே எழுதினார்கள். கேட்கும் முறை மாறியிருக்கிறது. கேட்பது ஒன்றுதான்.

‘திருஷ்யம்’ இதற்கு நல்ல பாடம். 2013இல் ஜீத்து ஜோசப் மலையாளத்தில் எடுத்த இந்தப் படம், தமிழில் ‘பாபநாசம்’ ஆக 2015இல் வந்தது. என்ன நேர்ந்தது, அதை யார் மறைக்கிறார்கள் என்பதைப் படம் நமக்கு மறைப்பதில்லை. காவல் துறைக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். எனவே, ஒவ்வொரு விசாரணையின்போதும் நாம் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து பதறுகிறோம். அதே வேளையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் இறுதிவரை படம் நம்மிடமிருந்தும் மறைத்துவைக்கிறது. ஒரே கதைக்குள் சொல்லப்பட்டதும் மறைக்கப்பட்டதும் தத்தம் வேலையைச் செய்கின்றன. எதை எப்போது சொல்வது என்ற அந்த வரிசைதான் கதைசொல்லியின் கலை. ஸ்பாய்லர் கலைப்பது அந்த வரிசையை. அந்தச் செய்தியை அறிந்த பிறகும் ‘பாபநாசம்’ படத்தை நான் இரண்டு முறை ரசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறை கிடைத்தது வேறொரு சுவை. நாயகனின் ஒவ்வொரு பார்வையிலும் புதுப் பொருள் தெரிந்தது. ஆனால், இரண்டாம் முறை பார்க்கும் வாய்ப்பு நமக்கு எப்போதும் இருக்கும். முதல் முறை ஒரு தடவைதான் வரும். அதை இழந்தால் திரும்பப் பெற வழியில்லை.

என் அத்தை செய்த வேறுபாட்டின் பொருள் இப்போது விளங்குகிறது. ‘கர்ணன்’ ஊருக்குத் தெரிந்த கதை. அதை முழுவதுமாகச் சொல்வதால் எவரும் எதையும் இழக்கப்போவதில்லை. ‘புதிய பறவை’ ஒரே முடிச்சின்மீது நிற்கும் கதை. வங்க மொழியில் 1963இல் வந்த ‘ஷேஷ் அங்கா’வைத் தழுவி எடுக்கப்பட்ட படம் அது. அந்தக் கதையின் வேர் அதற்கும் முந்தைய ஓர் ஆங்கிலப் படத்தில் இருக்கிறது. மூன்று மொழிகளில் சொல்லப்பட்டும் அந்த முடிச்சின் வலு குறையவில்லை. படம் வந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், அது என்ன முடிச்சு என்பதை இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதில்லை. இன்னும் பார்க்காத ஒருவர் இதைப் படிக்கக் கூடும்.

இழப்பவர் யார்?

கதை முன்னரே வெளியாவதால் எல்லோரும் ஒரே அளவில் இழப்பதில்லை. இந்த விவாதத்தில் போதிய அளவு பேசப்படாத பகுதி இது.

முதல் நாள் முதல் காட்சிக்குச் செல்ல நேரமும் பணமும் செல்வாக்கும் வேண்டும். அவை இருப்பவரை ஸ்பாய்லர் தீண்டுவதில்லை. அவர்தான் பெரும்பாலும் அதை உருவாக்குகிறார். இரவுப் பணி பார்ப்பவர், சிறுகுழந்தை வைத்திருக்கும் தாய், வெளிநாட்டில் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் மகன், டிக்கெட் விலை குறையும்வரை காத்திருப்பவர், படம் ஓடிடிக்கு வந்த பிறகே பார்க்க முடிந்தவர் ஆகியோர்தாம் இழக்கிறார்கள். தாமதமாகப் பார்ப்பது பலருக்கு விருப்பத்தேர்வு அன்று. வாழ்க்கைச் சூழல் அப்படி. ‘இத்தனை நாள் பார்க்காமல் இருந்தது உன் தவறு’ என்று அவர்களிடம் சொல்வது நியாயமாகாது.

படங்களிலும் இதே ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பெரிய நட்சத்திரத்தின் படத்துக்குச் செல்பவர் கதையை மட்டும் நம்பிச் செல்வதில்லை. நட்சத்திரத்தின் நடையும் பாட்டும் கூட்டத்தின் ஆரவாரமும் அவருக்குப் போதும். முடிவு தெரிந்தாலும் அந்தப் படம் பிழைத்துக்கொள்ளும். கதையையே முதலாக வைத்து வரும் சிறிய படத்தின் நிலை வேறு. 2016 டிசம்பர் இறுதியில் பெரிய நட்சத்திரம் இல்லாமல் வந்த ‘துருவங்கள் பதினாறு’ அன்று வாய்மொழியாலேயே வளர்ந்தது. “படத்தைப் பார், ஆனால் என்ன என்று கேட்காதே” என்று நண்பர்கள் என்னிடம் சொன்னார்கள். அந்தக் கட்டுப்பாடே அந்தப் படத்துக்கு விளம்பரமாயிற்று. 2024இல் வந்த ‘மகாராஜா’வில் விஜய் சேதுபதி என்ற நட்சத்திரம் இருந்தார். இருந்தும், காலத்தை முன்பின்னாக அடுக்கிய அதன் கதைசொல்லலே படத்தைத் தாங்கியது. காணாமல் போன ஒன்றுக்காக ஒருவர் காவல் நிலையத்துக்கு வருவதுவரை முன்னோட்டமே சொன்னது. அதற்குமேல் சொல்லாமல் இருந்தவர்கள், தமக்குப் பின்னால் வந்த பார்வையாளருக்கு நன்மை செய்தார்கள்.

கசிவு என்பது வேறு

இனி ‘லீக்’ பற்றி. ஸ்பாய்லரைப் பண்புக் குறை என்று சொல்லலாம். கசியவிடுவது திருட்டு. ஆயினும், கசிவு படத்துக்கு நன்மையே செய்கிறது என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் காட்டும் சான்றுகள் உண்மையானவை. 2013 செப்டம்பரில் பவன் கல்யாண் நடித்த ‘அத்தாரின்டிகி தாரேதி’ என்ற தெலுங்குப் படத்தின் ஏறத்தாழ 90 நிமிடங்கள் வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் வந்துவிட்டன. தயாரிப்பாளர் வெளியீட்டைச் செப்டம்பர் 27க்கு முன்னதாகக் கொண்டுவந்தார். படம் பெரும் வெற்றி பெற்றது. 2015இல் ‘பிரேமம்’ படத்தின் தணிக்கைப் பிரதி இணையத்தில் பரவியது. அதன் பிறகும் அந்த மலையாளப் படம் கேரளத்தில் மட்டுமல்லாமல் சென்னையிலும் பல மாதங்கள் ஓடியது.

இவற்றிலிருந்து கசிவு நன்மை செய்கிறது என்ற முடிவுக்கு வருவது பிழை. விபத்தில் பிழைத்தவரை மட்டும் எண்ணி, விபத்து தீங்கற்றது என்று கூறுவதைப் போன்றது அது. கசிவுக்குப் பின் திரையரங்கில் காணாமல் போன படங்களின் பெயரை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ‘அத்தாரின்டிகி தாரேதி’யைக் காத்ததில், திரையரங்குக்கே சென்று பார்ப்போம் என்று உறுதியெடுத்த ரசிகர் கூட்டத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அத்தகைய கூட்டம் ஒவ்வொரு அறிமுக இயக்குநருக்கும் வாய்த்துவிடாது.

2021 ஜனவரியில், பெருந்தொற்றால் பல மாதங்கள் தள்ளிப்போன ‘மாஸ்டர்’ வெளியாவதற்கு முன்பு அதன் காட்சிகள் கசிந்தன. அவற்றைப் பகிர வேண்டாம் என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் வேண்டிக்கொண்டார். ஒன்றரை ஆண்டு உழைப்பை அவர் அப்போது நினைவூட்டினார். 2024இல் ‘கூலி’ படப்பிடிப்புக் காட்சி ஒன்று செல்பேசியில் பதிவாகிப் பரவியபோதும் ஏறத்தாழ இதே வேண்டுகோளை அவர் விடுக்க நேர்ந்தது. ஒரு சண்டைக் காட்சிக்குப் பின்னால் விளக்குப் பணியாளர், ஒப்பனைக் கலைஞர், சண்டைக் கலைஞர், உதவி இயக்குநர் என்று நூற்றுக்கணக்கானோர் பல நாள்கள் உழைக்கிறார்கள். வண்ணம் சேர்க்கப்படாத, இசை கோக்கப்படாத, அதிர்ந்தாடும் 20 நொடித் துணுக்கில் அந்த உழைப்பு அரைகுறையாக உலகுக்கு அறிமுகமாகிறது. அவர்களுள் எவரும் அதற்கு ஒப்புதல் தரவில்லை.

சட்டம் இதில் மெத்தனமாக இருப்பதாகச் சொல்ல முடியாது. காணொளித் திருட்டில் ஈடுபடுவோரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரத் தமிழ்நாடு 2004இலேயே வகைசெய்தது. 2023இல் திருத்தப்பட்ட மத்திய சினிமாட்டோகிராஃப் சட்டம், அனுமதியின்றிப் படத்தைப் பதிவுசெய்வோருக்கும் பரப்புவோருக்கும் குறைந்தது 3 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறைத் தண்டனையும், 3 லட்சம் ரூபாய் முதல் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடுவரை அபராதமும் விதிக்கிறது. பெரிய அளவில் திருடுவோருக்கு இது பொருந்தும். பக்கத்து இருக்கையில் அமர்ந்து, விளையாட்டாக ஒரு காட்சியைப் பதிவுசெய்து நிலைத்தகவலில் போடும் நம் உறவினரை இந்தச் சட்டம் எட்டுவது கடினம். அவரை எட்ட வேண்டியது நம் சொல்.

விமர்சனத்துக்குத் தடையா?

மறுபுறம், ஸ்பாய்லரைக் காரணம் காட்டி விமர்சனத்தின் வாயை அடைக்க முயல்வதையும் நாம் ஏற்கலாகாது. 2024 இறுதியில் சில பெரிய படங்கள் எதிர்மறையான விமர்சனங்களைச் சந்தித்ததை அடுத்து, திரையரங்க வளாகங்களில் யூடியூப் சேனல்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் தரப்பில் குரல் எழுந்தது. முதல் மூன்று நாள்கள் விமர்சனமே கூடாது என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றது. கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. அது சரியான முடிவு. காசு கொடுத்துப் படம் பார்த்தவருக்கு, நன்றாக இல்லை என்று அன்றே சொல்லும் உரிமை உண்டு.

‘படம் இரண்டாம் பாதியில் தொய்கிறது’ என்பது விமர்சனம். ‘இரண்டாம் பாதியில் இன்னார்தான் கொலையாளி’ என்பது விமர்சனமாகாது. முன்னது பார்வையாளருக்குத் தேர்ந்தெடுக்கத் துணைசெய்கிறது. பின்னது அவருக்காக அவரைக் கேட்காமலே தேர்ந்தெடுத்துவிடுகிறது. முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டிய ஆழமான விமர்சனங்களும் உண்டு. ஒரு படத்தின் அரசியலும் அறமும் பல வேளைகளில் அதன் இறுதிக் காட்சியில்தான் இருக்கின்றன. அவற்றை எழுதத்தான் வேண்டும். முதல் வரியிலேயே வாசகரிடம் அதைச் சொல்லிவிட்டு எழுதினால் போதும். படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்பதை வாசகர் முடிவுசெய்வார். முன்கூட்டியே அறிந்துகொள்ள விரும்புவோரும் நம்மிடையே உண்டு. வன்முறையைத் தாங்க முடியாதவர்கள், குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர்கள் முடிவைக் கேட்டுத் தெரிந்துகொண்டே செல்வார்கள். அவர்கள் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். கேட்டவருக்குச் சொல்வதும் கேளாதவர் முகத்தில் எறிவதும் ஒன்றாகா.

திரைத் துறையும் தன்னைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டரை நிமிட முன்னோட்டத்தில் படத்தின் முக்கியத் திருப்பங்கள் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, ரசிகர் முடிவைச் சொல்கிறார் என்று குறைகூறுவதில் பொருளில்லை. சிறப்புத் தோற்றத்தில் யார் வருகிறார் என்பதை விளம்பரத்துக்காகத் தாமே கசியவிடும் பழக்கமும் இருப்பதாகப் பார்வையாளர்கள் ஐயப்படுகிறார்கள். அந்த ஐயம் வளர்ந்தால், உண்மையான திருட்டு நடக்கும்போது எழுப்பப்படும் குரலுக்கும் மதிப்பிராது. பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கத்தை எழுதிய, பெயர் தெரியாத அந்த எழுத்தாளர்கள் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். இன்று முன்னோட்டம் தொகுப்பவர்களும் அதை அறிந்திருக்க வேண்டும்.

முடிவு தெரிவதால் எல்லாக் கதைகளும் கெடுவதில்லை. சில கதைகள் அதனால் மேலும் ஒளிபெறுகின்றன. ஆனால், ஒரு கதையை முதன்முதலில் அறியும் தருணம் அதைக் காண்பவருக்கு உரியது. அது எந்த வகைக் கதை என்பது காண்பவருக்குத் தெரியாது. பார்த்துவிட்டவருக்குத்தான் தெரியும். அதனால்தான் பொறுப்பும் பார்த்துவிட்டவரிடம் இருக்கிறது. திரையரங்கில் செல்பேசியை வெளியே எடுக்கும்முன், நிலைத்தகவலில் ஒரு காட்சியைப் பதிவிடும்முன், இன்னும் பார்க்காத ஒருவரை ஒரு நொடி நினைத்துக்கொண்டால் போதும்.

என் அத்தை மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ‘புதிய பறவை’யைப் பார்த்துவிட்டு வந்த இரவில், உறங்காமல் விழித்திருந்த அவரை எழுப்புவதுபோல் உலுக்கி, “முதல்லயே ஏன் சொல்லல அத்தை?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “சொல்லியிருந்தா இப்ப இப்படி ஓடி வந்திருப்பியா?” என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, நான் என்ன பார்த்தேன் என்பதை என்னையே முழுவதுமாகச் சொல்லவைத்துக் கேட்டார்.